'ஜெகஜீவன்ராம் பொண்ணா?' - மீரா குமார் பற்றிச் சில குறிப்புகள்

போன வருஷம் ஊருக்கு, அதாவது ராஜபாளையத்துக்கு, வந்திருந்தபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயசு எண்பதுக்கு மேல். இருந்த ஒரே வீட்டை இளைய மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். அதுக்கப்புறம் கதை வழக்கமானதுதான். சாப்பாடு மூத்த மகன் வீட்டில் பாதி நாள், கோயில் அன்னதானத்தில் பாதி நாள். 'கம்ப்யூட்டர்ல இருக்கிற பையன், இவனுக்குத் தெரியும்' என்று யாரோ என்னிடம் அனுப்பி வைத்தார்கள்.

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்கும் அன்றைக்குத்தான் சரியாகத் தெரியும். உட்கார்ந்து படித்து, கோட்டாட்சியருக்கு மனு தயார் செய்தோம். கையெழுத்துப் போடும்போது பெரியவர், "யாருப்பா இந்தச் சட்டம் போட்டது?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தது அப்போதைய சமூக நீதித் துறை அமைச்சர் மீரா குமார். பெயரைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னேன். "அட, ஜெகஜீவன்ராம் பொண்ணா! பங்களாதேஷ் யுத்தத்தப்ப ராணுவ மந்திரியா இருந்தாரே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஒரு கேள்வியில்தான் மீரா குமாரின் மொத்த வாழ்க்கையும் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்புறம் தோன்றியது. அவர் இந்திய வெளியுறவுப் பணியில் 12 வருஷம் இருந்தவர். ஐந்து முறை மக்களவை உறுப்பினர். மக்களவையின் முதல் பெண் சபாநாயகர். குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். இதில் முதல் வரியை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், 'அப்படியா?' என்பார்கள். அவர் கட்சிக்கே அது ஞாபகம் இருந்த மாதிரி தெரியவில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

பிறந்தது 1945 மார்ச் 31, பீகாரில். அப்பா பாபு ஜெகஜீவன் ராம். 1946 இடைக்கால அரசிலேயே அமைச்சர், பசுமைப் புரட்சிக் காலத்தில் உணவு, வேளாண் அமைச்சர், 1971 போரில் பாதுகாப்பு அமைச்சர், 1979-ல் துணைப் பிரதமர். அம்மா இந்திராணி தேவி சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். மீரா குமார் டெல்லியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., பிறகு சட்டம். துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வாங்கியவர் என்பது கொசுறு. பின்னாளில் சபாநாயகர் நாற்காலியில் அவர் மெல்லிய குரலில் 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்.

1973-ல் வெளியுறவுப் பணிக்குத் தேர்வானார். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது அவருக்குத் திருமணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இன்றைக்கு இது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அந்தப் பணிக்கு 1961-ல் போட்ட விதிகளைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். திருமணமான பெண் எவருக்கும் இந்தப் பணியில் நியமனம் பெற உரிமை கிடையாது என்று ஒரு விதி. பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று இன்னொன்று. ஆண்களுக்கு இப்படி எதுவும் இல்லை. அவர்களுக்குக் குடும்பமே கிடையாது போல.

இந்த விதிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் சி.பி. முத்தம்மா. குடகுக்காரர். படித்தது சென்னையில், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில். 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். தூதரான முதல் பெண் அதிகாரியும் அவரே. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். தீர்ப்பு வருவதற்குள் அரசே முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. முதல் விதியை ஏற்கெனவே நீக்கிவிட்டோம், இரண்டாவதையும் நீக்கப்போகிறோம் என்றும் சொல்லிவிட்டது. ஆனாலும் கிருஷ்ணய்யர் விடவில்லை, அந்த விதிகளைக் காய்ச்சி எடுத்துவிட்டுத்தான் வழக்கை முடித்தார். அதாவது, மீரா குமார் வெளியுறவுப் பணியில் இருந்த முதல் ஆறு வருஷமும் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கல்யாணமான பெண் அதிகாரி என்பதே அன்றைக்கு ஒரு விதிவிலக்கு மாதிரி.

இந்தப் பணியில் சேருகிற ஒவ்வொருவரும் ஒரு அந்நிய மொழியைக் கட்டாயமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த மொழி பேசுகிற நாட்டுக்கே முதலில் அனுப்புவார்கள். பரீட்சையில் தேறினால்தான் பணி உறுதியாகும். மீரா குமாருக்கு ஸ்பானிஷ், ஸ்பெயின். பிறகு பிரிட்டன், மொரிஷியஸ், டெல்லியில் வெளியுறவு அமைச்சகம். தூதர் பதவிக்குப் போகும் முன்பே, 1985-ல், நாற்பது வயதில் ராஜினாமா.

அரசு வேலையில் இருக்கிறவர்களுக்கு இது என்ன மாதிரி முடிவு என்று புரியும். விருப்ப ஓய்வுக்கு 20 வருஷம் வேண்டும். இவருக்கு 12 தான். ராஜினாமா செய்தால் அதுவரை செய்த சேவை ஓய்வூதியக் கணக்கில் சேராது. ஜெகஜீவன் ராம் மகளுக்கு ஓய்வூதியம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் வேலையை முழுசாக முடித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் மாநிலங்களவை வழியாக உள்ளே வருவது வேறு. பாதியில் எழுந்து, இடைத்தேர்தல் களத்தில் போய் நிற்பது வேறு. அவர் செய்தது இரண்டாவது. அதுவும் எப்படிப்பட்ட இடைத்தேர்தல்!

உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் என்கிற தனித் தொகுதி, 1985 டிசம்பர். ராஜீவ் காந்தியின் விருப்பத்தில் காங்கிரஸ் வேட்பாளர் மீரா குமார். லோக் தளம் சார்பில் ராம் விலாஸ் பாஸ்வான். 1977-ல் ஹாஜிப்பூரில் நாலு லட்சத்துக்கு மேல் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். மூன்றாவதாக 29 வயசுப் பெண் ஒருவர். கன்ஷிராம் பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கி அப்போதுதான் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பெண் அதற்கு முந்தைய வருஷம் கைரானாவில் நின்று தோற்றவர். பெயர் மாயாவதி.

இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், அடுத்த முப்பது வருஷத்து வட இந்திய தலித் அரசியலின் மூன்று பாதைகளும் ஒரே வாக்குச் சீட்டில் இருந்திருக்கின்றன. காங்கிரஸுக்குள் இருந்துகொண்டே பதவிக்கு வருவது ஒன்று. சோஷலிஸ்ட்டுகளோடு சேர்ந்து, எந்த அரசு வந்தாலும் அமைச்சராவது இன்னொன்று. தனிக் கட்சி கட்டி ஆட்சியையே பிடிப்பது மூன்றாவது. முதல் பாதையைக் கன்ஷிராம் எவ்வளவு வெறுத்தார் என்பதற்கு அவர் 1982-ல் எழுதிய 'சம்சா யுகம்' நூலே சாட்சி. பூனா ஒப்பந்தம் வழியாக வந்த தனித் தொகுதிகள் மற்றவர்களுக்குக் கைத்தடிகளைத்தான் உற்பத்தி செய்கின்றன என்பது அவர் வாதம்.

இந்த வாதம் நமக்கு ரொம்ப தூரத்து விஷயம் இல்லை. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 2009 தேர்தலிலிருந்து தென்காசி மக்களவைத் தொகுதிக்குள் இருக்கின்றன. அது தனித் தொகுதி. ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதி. நிற்பவர்தான் தலித்தாக இருக்க வேண்டும், ஓட்டுப் போடுவது எல்லாச் சாதியும். ஆக, ஜெயிக்க வேண்டுமென்றால் மற்றவர்களின் ஓட்டு வேண்டும், அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. டீக்கடையில் 'நம்ம எம்.பி. எங்க, யாருக்காகப் பேசுறாரு?' என்று கேட்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். மீரா குமார் ஜெயித்த பிஜ்னோர், கரோல் பாக், சசாராம் மூன்றுமே தனித் தொகுதிகள்தான்.

பிஜ்னோரில் ஜெயித்தது மீரா குமார். பாஸ்வானைவிட சுமார் 5,000 வாக்கு கூடுதல். மாயாவதி மூன்றாவது. ஆனால் 1989-ல் மாயாவதி முதல்முறையாக மக்களவைக்குப் போனது இதே பிஜ்னோரிலிருந்துதான். அந்த 1989-ல் மீரா குமார் என்ன ஆனார்? அப்பாவின் பழைய தொகுதியான சசாராமில் நின்று தோற்றார்.

'வாரிசு, தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்' என்று சொல்பவர்களுக்காக இந்தப் பகுதி. ஜெகஜீவன் ராம் 1952-லிருந்து 1984 வரை ஒரு தேர்தலில்கூடத் தோற்காதவர். 1986-ல் இறந்தார். மகள் சசாராமில் 1989-லும் 1991-லும் சேதி பாஸ்வானிடம் தோற்றார். பிறகு டெல்லி கரோல் பாக்கில் 1996, 1998-ல் வெற்றி, 1999-ல் தோல்வி. நடுவில் கட்சியை விட்டு விலகி, இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினார். 2004, 2009-ல் சசாராமில் வெற்றி. 2014, 2019-ல் மறுபடி தோல்வி, மறுபடி அதே சேதி பாஸ்வான். ஒரே ஆளிடம் நாலு தடவை. கதவைத் திறந்துவிட்டது அப்பா பெயர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். டெல்லியில் அப்பா குடியிருந்த அரசு பங்களாவை நினைவிடமாக வைத்துக்கொண்டது பற்றி வந்த விமர்சனமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் திறந்த கதவு வாக்குச்சாவடி வரைக்கும் நீளவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 2004 மே மாதம் மன்மோகன் சிங் அமைச்சரவை பதவியேற்றது. அதில் வெளியுறவுப் பணியில் இருந்து வந்தவர்கள் மூன்று பேர் கேபினட் அந்தஸ்தில் இருந்தார்கள். 1953-ல் பணியில் சேர்ந்த நட்வர் சிங்குக்கு வெளியுறவு. 1963-ல் சேர்ந்து, 1989-ல் விலகி, நம்ம மயிலாடுதுறையில் ஜெயித்த மணி சங்கர் ஐயருக்கு பெட்ரோலியம், கூடவே பஞ்சாயத்து ராஜ். பெட்ரோலியம் என்றால் பாதி நேரம் மத்திய ஆசியா, ஈரான், குழாய்ப் பாதை என்று வெளிநாட்டு விவகாரம்தான். மூன்றாவது ஆள் மீரா குமார். ஸ்பானிஷ் தெரிந்தவர், லண்டனில் வேலை பார்த்தவர், சட்டம் படித்தவர். அவருக்கு சமூக நீதி.

சமூக நீதித் துறை சின்னத் துறை என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் யாரைப் பார்த்தவுடன் எந்த நாற்காலி ஞாபகம் வருகிறது என்பதில் ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டு ஆண்களுக்கு அவர்கள் செய்த வேலை அடையாளம். இவருக்குப் பிறப்பு அடையாளம். பழைய தூதரக அதிகாரிகளில் கே.ஆர். நாராயணனும் தலித்தான். அவரும் ஒட்டப்பாலம் என்கிற தனித் தொகுதியிலிருந்துதான் வந்தார். ஆனால் அவரை ராஜீவ் காந்தி வெளியுறவு இணை அமைச்சராக்கினார், கடைசியில் அவர் குடியரசுத் தலைவரே ஆனார். பின்னாளில் ஜெய்சங்கர், ஹர்தீப் புரி என்று வந்தவர்களுக்கும் பழைய வேலை கைகொடுத்தது. இந்த வரிசையில் பெண் என்று மீரா குமாரைத்தான் சொல்ல முடிகிறது. விஜயலட்சுமி பண்டிட்டைச் சிலர் சொல்வார்கள், ஆனால் அவர் அரசியலிலிருந்து தூதரகத்துக்குப் போனவர், பாதை தலைகீழ்.

கொடுத்த துறையில் அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது பெரியவரின் மனுவுக்குப் பின்னால் இருக்கிற அந்த 2007 சட்டம். பெற்றோர் ஜீவனாம்சம் கேட்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு முன்பே இருந்தது. ஆனால் அதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட், வக்கீல், வாய்தா. புதுச் சட்டம் அதை வருவாய்த் துறை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். வக்கீல் வைத்து வாதாட இடம் கிடையாது என்றே சட்டத்தில் இருக்கிறது (இதை நீதிமன்றங்கள் கேள்வி கேட்டிருக்கின்றன). நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். மகள்களும் பேரப் பிள்ளைகளும்கூடப் பொறுப்பு. பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம்.

23-வது பிரிவுதான் நம்ம ஊர்ப் பக்கம் அதிகம் தேவைப்படுவது. 'என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். இதில் ஒரு சிக்கல். நம்ம ஆட்கள் செட்டில்மெண்ட் எழுதும்போது 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்று எழுதுவார்களே தவிர நிபந்தனையை எழுத மாட்டார்கள். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சம். உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு வழக்கில் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், பெரியவர்களுக்காக வந்த சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. ஆகவே வீட்டில் யாராவது பத்திரம் எழுதப் போகிறார்கள் என்றால் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் உபயோகமான பகுதி இதுதான்.

2009-ல் மறுபடி ஜெயித்து வந்தவருக்கு நீர்வளத் துறை கொடுத்தார்கள். சில நாள்தான். அதை விட்டுவிட்டு, ஜூன் 3 அன்று போட்டியின்றி சபாநாயகர் ஆனார். அந்த வருஷக் கடைசியில் சுஷ்மா சுவராஜ் எதிர்க்கட்சித் தலைவரானதும், அவையின் இரண்டு முக்கிய இடங்களிலும் பெண்கள். தூதரகப் பயிற்சி எங்காவது கைகொடுத்திருக்க வேண்டுமென்றால் இந்த நாற்காலியில்தான். கொடுத்ததா? எனக்கு முழுசாகத் திருப்தி இல்லை. குரல் உயராதது, முகம் சுளிக்காதது எல்லாம் பயிற்சியின் அடையாளம்தான். ஆனால் எதிரில் இருந்தவர்கள் சமரசம் பேச வந்தவர்கள் இல்லை. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் 2ஜி விவகாரத்துக்குக் கூட்டுக்குழு வேண்டும் என்ற அமளியில் அப்படியே போனது. மொத்த ஐந்து வருஷத்தில் அவை, நடக்க வேண்டிய நேரத்தில் 61 சதவீதம்தான் நடந்தது என்று பி.ஆர்.எஸ். அமைப்பு கணக்குப் போட்டிருக்கிறது. கடைசியில் 2014 பிப்ரவரி 13, தெலங்கானா மசோதா அன்று ஒரு எம்.பி. அவைக்குள்ளேயே மிளகு ஸ்பிரே அடித்தார். ஐந்து நாள் கழித்து, நேரடி ஒளிபரப்பு நின்றிருந்த நேரத்தில், மசோதா குரல் வாக்கில் நிறைவேறியது. அன்றைய அவை நடத்தப்பட்ட விதத்தை என்னால் ஆதரிக்க முடியாது. எந்தக் காரணம் சொன்னாலும், நாட்டை ஒரு மாநிலம் கூட்டிப் பிரிக்கிற நேரத்தில் மக்கள் பார்க்க முடிந்திருக்க வேண்டும்.

2017-ல் பா.ஜ.க. கூட்டணி ராம்நாத் கோவிந்தை அறிவித்த பிறகுதான் எதிர்க்கட்சிகள் மீரா குமாரை நிறுத்தின. தலித்துக்கு எதிராக தலித் என்று பத்திரிகைகள் எழுதின. இதற்கு முன் நடந்த தேர்தல்களில் வேட்பாளர்களின் தகுதியைப் பேசினீர்கள், இப்போது மட்டும் சாதியைத் தவிர வேறெதுவும் பேசவில்லையே என்ற பொருளில் அவரே நிருபர்களிடம் வருத்தப்பட்டார். நிறுத்திய கட்சிகளும் அதே கணக்கில்தான் நிறுத்தின என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அந்தத் தேர்தலில் நம்ம பக்கத்துக் கணக்கு ஒன்று. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை 234 தொகுதிகளால் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்தால் வருவது. அப்போது ராஜபாளையம் தி.மு.க. கையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் அ.தி.மு.க. கையில். ரகசிய வாக்கு என்றாலும், கட்சி முடிவுப்படி பார்த்தால் இங்கிருந்து 176 மீரா குமாருக்கு, அங்கிருந்து 176 கோவிந்துக்கு. நாடு முழுக்க அப்படிச் சமமாக இல்லை. கோவிந்துக்கு 7,02,044. மீரா குமாருக்கு 3,67,314.

2024-ல் அவர் நிற்கவில்லை. சசாராமில் காங்கிரஸ் ஜெயித்தது, வேட்பாளர் வேறொருவர். அவர் மகன் பாட்னா சாகிப்பில் நின்று தோற்றார்.

பெரியவரின் பத்திரத்தில் நிபந்தனை வரி இல்லை. அதனால் வீட்டை நாங்கள் கேட்கவில்லை, ஜீவனாம்சம் மட்டும் கேட்டோம். விசாரணைக்கு இரண்டு மகன்களும் வந்தார்கள். ஆளுக்கு இரண்டாயிரம் என்று உத்தரவானது. மூத்தவர் ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறார். இளையவர் பத்து, பதினைந்து என்று இழுக்கிறார், ஆனால் கொடுக்கிறார். போன மாதம் பேசும்போது பெரியவர், "அந்த ஜெகஜீவன்ராம் பொண்ணு நல்லாருக்காங்களா?" என்று விசாரித்தார். "இருக்காங்க தாத்தா, பேரு மீரா குமார்" என்றேன். "ஆமாமா, அவங்கதான்" என்றார்.